துரைக்கண்ணு செத்த பொங்கல்

13.1.2006, வெள்ளி. போகி

காலையில் பனி. பனிக்கு மேல் டயர் புகை. பெரம்பலூர் முழுக்க ஒரே தொண்டையால் இருமுகிறது. எதிர்வீட்டுக்காரன் முகம் தெரியவில்லை. பண்டிகை நன்றாகத்தான் தொடங்கியிருக்கிறது.

வேலை: குழாய் ஸ்பீக்கர்களுக்கு சில்வர் பெயிண்ட். ஒன்றுக்குள் குளவிக்கூடு. ஆம்ப்ளிஃபயருக்குள் எலி, ஒயரைக் கடித்துப் பார்த்திருக்கிறது. ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எலிக்கு எல்லாம் ஆகிவிட்டது.

மாப்பிள்ளை செல்லமுத்துவிடமிருந்து போன். என் தங்கை மலர்க்கொடியின் வீட்டுக்காரர். கீழப்பழுவூரில் வீடு, அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியில் டிப்பர் லாரி.

"மச்சான், நாளைக்கு மொத ஷோ. டிக்கெட் சொல்லிட்டீங்களா?"

பிரசவ வார்டு வாசலில் நிற்பவனின் குரல். நாளை 'பத்தாம் நம்பர் லாரி – பாகம் 2' வெளியீடு. முதல் பாகம் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாப்பிள்ளை அதற்கு அடிமை. வேடிக்கை என்னவென்றால், அவர் அதைப் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறார். என் மைக் செட்டில்.

ப.ந.லா. கதை வசனம் மூன்று கேசட். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் எதுவானாலும் பந்திக்கு இலை போடும் நேரம் அதுதான். கடைசியில் கதாநாயகன் துரைக்கண்ணு பிரேக் இல்லாத லாரியோடு மலைப்பாதையில் இறங்குகிறான். "பிரேக்குதான் போச்சு... துரைக்கண்ணு போகலை!" என்று கர்ஜனை. அடுத்த நிமிஷம் லாரி பள்ளத்தில். ஆள் காலி. தாய்க்காரியின் ஒப்பாரி. மங்கல வீட்டில் ஒப்பாரியை ஒலிபரப்பினால் என்னை ஸ்பீக்கரோடு கிணற்றில் இறக்கிவிடுவார்கள். ஆகவே கர்ஜனைக்குப் பின்னால் எல்லாவற்றையும் அழித்து, அதன்மேல் கெட்டிமேளம் பதிந்து வைத்தேன். மைக் செட் தொழிலில் எல்லாரும் செய்வது. பலன்: காதால் படம் பார்த்து வளர்ந்த இந்தச் சீமையில் துரைக்கண்ணு பிழைத்துவிட்டான். பிழைத்த கையோடு கல்யாணமும் கட்டிக்கொண்டான்.

மாப்பிள்ளைக்கு அது வேதம். சில வருஷம் முன்பு குவாரிச் சரிவில் லோடோடு இறங்கும்போது பிரேக் போனது. அந்த வசனத்தைக் கத்திக்கொண்டே கியரை இறக்கி, கல்குவியலில் முட்டி நிறுத்தியிருக்கிறார். ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து லாரி நெற்றியில் "துரைக்கண்ணு துணை". சரிவு வந்தால் வசனம். "அவனே பொழைச்சு வந்துட்டான், எனக்கென்ன மச்சான்?" என்பார். அந்தக் குவாரியில் அவர் அளவுக்குத் துணிச்சலாகச் சரிவில் இறங்க ஆள் இல்லை.

ஒருநாளும் நான் திருத்தியதில்லை. இத்தனை நல்ல வேடிக்கையை எவன் கெடுப்பான்?

14.1.2006, சனி. பொங்கல்

சுள்ளென்று வெயில். தியேட்டர் வாசலில் அகில உலகமும் கூடியிருந்தது. குரும்பலூரிலிருந்து மட்டும் ஒரு லட்சம் பேர் இருக்கும். மின்கம்பத்து உயரத்துக்குக் கட்-அவுட். நடிகருக்கு அறுபது தாண்டிவிட்டது, கட்-அவுட்டில் இருபத்திரண்டு. வரைந்தவன் கை வலித்தே செத்திருப்பான். மாப்பிள்ளை தூக்குவாளியில் பால் கொண்டுவந்து அபிஷேகம் செய்தார். வீட்டில் பொங்கலுக்கு வைத்திருந்த பால். தங்கச்சி அங்கே வெந்நீரில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பாள்.

படம் தொடங்கியது. முதல் காட்சி: சுவரில் துரைக்கண்ணு போட்டோ. சந்தன மாலை. ஊதுபத்தி.

விசில் அடிக்க வாய்க்குள் போன விரல்கள் வாய்க்குள்ளேயே நின்றன. மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"யாரு மச்சான் செத்தது?"

"துரைக்கண்ணு."

"எந்தத் துரைக்கண்ணு?"

"லாரி துரைக்கண்ணுதான்."

"எப்ப?"

"போன பாகத்துல, மாப்ள."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. முன்சீட்டுக் கிழவர் திரும்பி, "யோவ், எழவு வூட்டுல எவன்யா சிரிக்கிறது?" என்றார். அதற்கும் சிரித்தேன். மாப்பிள்ளை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சொந்த அப்பன் செத்தபோது மொட்டை அடித்த கையோடு லோடு ஏற்றப் போனவர்.

இனி பாகம் 2-ன் பாவங்கள், நினைவில் நின்றவரை:

– துரைக்கண்ணுவின் மகனாகவும் அதே நடிகர். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்தவராம். கிருதாவில் ஒட்டியிருந்த விக் ஒவ்வொரு சண்டையிலும் தனியாக நடித்தது.
– வயிற்றை பெல்ட் போட்டு இறுக்கியதில் வசனம் பேச மூச்சு இல்லை.
– லாரி பறக்கிறது. ஹெலிகாப்டருக்கு மேலே. பார்த்த ஹெலிகாப்டர் வெட்கப்பட்டுத் தானே விழுந்து செத்தது.
– பழைய படத்தின் சிவப்புச் சட்டை, பீடியைத் திருப்பிப் போடுவது, கர்ஜனை, எல்லாம் இருக்கிறது. செத்தவன் துணிமணியைச் சொந்தக்காரன் உடுத்திக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி.
– இருபது வருஷமாக மைக் பிடித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒரு வசனம் காதில் விழவில்லை. இதைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் மாவு மில் ஓடுகிறது என்று நினைத்து ஜனம் அரிசியோடு வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பழைய துரைக்கண்ணு கர்ஜித்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். நம் கைதட்டல் அடுத்த வசனத்தை மூடிவிடும், அதைக் கேட்பதற்காகவே மறுபடி போவோம். இவர் கர்ஜித்துவிட்டுக் கைதட்டலுக்காக நிற்கிறார், துறையூர் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி. பஸ் வரவில்லை.

இடைவேளையில் மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார். முறுக்கு வாங்கத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கீழப்பழுவூருக்கே போய்விட்டார்.

16.1.2006, திங்கள்

மேகமூட்டம். டீக்கடையில் மாப்பிள்ளை அழுத கதையை நடித்துக் காட்டினேன். துண்டு, மூக்கு, "யாரு மச்சான் செத்தது?" சகலமும். உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஒருவன் டீயைத் துப்பினான். இரண்டாம் ஆட்டமும் கேட்டார்கள், நடித்தேன். இந்த ஜில்லாவில் இந்தப் பொங்கலுக்கு ஓடுகிற ஒரே நல்ல படம் நான்தான்.

"ஏன்யா, அந்தப் படம் அவ்ளோ நல்லா இருந்துச்சு, இது ஏன் இப்படி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அது எடுத்தப்ப எடுத்தவன் பசியில இருந்தான். இப்ப நம்ம பசியா இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்திருக்கான்," என்றேன். எல்லாரும் ஆஹா என்றார்கள். எனக்கே பிடித்துப்போயிற்று. எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் ரேடியோ ரிப்பேர். பல்வலி. கிராம்பு.

18.1.2006, புதன்

காலை போன். தங்கச்சி.

"அண்ணே, அவரு வண்டிய வுட்டு எறங்கிட்டாரு."

"எங்க எறங்கினாரு?"

"வேலையை வுட்டே எறங்கிட்டாருண்ணே. வெளையாடாத."

சம்பவம்: நேற்று குவாரியில் லோடு ஏற்றிவிட்டு மாப்பிள்ளை சரிவின் தலைக்கு வந்திருக்கிறார். வழக்கம்போல வாயைத் திறந்திருக்கிறார். வசனம் வரவில்லை. கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. பின்னால் பதினைந்து லாரி ஹாரன் அடித்திருக்கின்றன. இறங்கி, சாவியை சீட்டில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். வேறொரு டிரைவர் வண்டியை இறக்கினாராம். முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார்: திங்கட்கிழமை காலை வந்தால் வண்டி இவருக்கு, வராவிட்டால் சாவி அந்த டிரைவருக்கு.

"அவருக்கு வண்டியத் தவிர என்னண்ணே தெரியும்? ஒரு கீரைப்பாத்தி கட்டத் தெரியுமா? பேசாம சொவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நீ தியேட்டர்ல சிரிச்சியாமே."

"கொஞ்சமா."

"டீக்கடையிலயும் சிரிச்சியாம். கீழப்பழுவூரு வரைக்கும் வந்துருச்சு. அந்த மேளத்த அடிச்சு வுட்டவன் நீதானே? நீயே வந்து சரி பண்ணு."

நேரில் போனேன். மாப்பிள்ளை கட்டிலில். லுங்கி, நான்கு நாள் தாடி.

"பொழைச்சவன நம்பி எறங்கினேன் மச்சான். செத்தவன நம்பி எப்படி எறங்குறது?"

அப்போதுதான் மனதில் அந்த மாபெரும் திட்டம் உதித்தது. மகான்களுக்கு மட்டும் உதிக்கும் வகை.

"மாப்ள, பழைய படத்துல அவன் சாவவே இல்ல. இந்தப் பயலுவ ரெண்டாவது பாகத்துக்காகக் கட்டிவுட்டது. மகன் பழி வாங்கணும்னா அப்பன் செத்தாத்தானே கதை ஓடும்? அதுக்காகக் கொன்னுட்டானுவ."

சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "நெசமாவா?"

"நான் தியேட்டர்ல பாத்தவன். மேளச் சத்தம் என் காதுலயே இருக்கு."

அரை இட்லி சாப்பிட்டார். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி பாதி, செருப்பு பாதி.

20.1.2006, வெள்ளி

பாகம் 2-ஐ ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். கட்-அவுட்டை இறக்கிய ஆட்கள், "தலை கனமே இல்லையேண்ணே" என்றார்கள்.

அரியலூருக்கு ஆம்ப்ளிஃபயர் வால்வு வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இருவர். "அரியலூர மறுபடியும் தனி மாவட்டமா ஆக்கப் போறாங்களாம்ல?" "ஆக்குனானுவ, கலைச்சானுவ, இப்ப ரெண்டாம் பாகமா? அதாவது ஓடுதான்னு பாப்போம்."

திரும்பினால் இடி. சுவர் முழுக்கப் போஸ்டர். 'ரசிகர்களின் கோரிக்கையை ஏற்று... அசல் துரைக்கண்ணு... பத்தாம் நம்பர் லாரி... புத்தம் புதிய காப்பி.' புதுசு தோற்ற சூட்டோடு பழசை இறக்கிவிட்டார்கள் இந்த ஊர் தியேட்டரில். புத்தம் புதிய காப்பியாம்! என் மைக் செட்டைவிட மூத்தது அது.

வீட்டுக்கு வருவதற்குள் மாப்பிள்ளை போன். குரலில் உயிர்.

"மச்சான்! போஸ்டர் பாத்தேன். ஞாயித்துக்கெழமை மேட்னி. கல்யாணத்தக் கண்ணால பாத்துட்டு வந்தேன்னா திங்கக்கெழமை வண்டி எடுத்துடுவேன். நீங்களும் வாங்க."

வசமாக மாட்டிக்கொண்டது யார் என்று எழுத விருப்பமில்லை.

21.1.2006, சனி

அரியலூர் தியேட்டர் ஆபரேட்டர் ஜமால் பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். சொந்தபந்தம் பூராவும் துபாயில். இவரும் போய் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார், அங்கே ரீல் சுத்துகிற சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று. பழைய சிநேகம். ஆபரேட்டர் ரூமில் போய்ப் பிடித்தேன்.

"பாய், நாளைக்கு மேட்னியில கடைசி ரீல் வேணாம்."

"ஏன் வைத்தி, அது என்ன குத்தம் பண்ணுச்சு?"

சொன்னேன். பாய் ரீல் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அல்லாவே! துரைக்கண்ணு மௌத்தானதே தெரியாம இத்தினி வருசமா வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரா உம்ம மாப்பிள்ள?"

"சிரிக்காதீங்க பாய், பொழப்பு போயிடும்."

"நீங்க சிரிச்சீங்களாமே." அரியலூருக்கும் வந்துவிட்டது. "ரீலை ஒளிச்சா சனம் ஸ்க்ரீனைக் கிழிச்சுடும். காசு குடுத்து வந்தவன் சாவைப் பாக்காம போவ மாட்டான். ஒண்ணு செய்யறேன். அந்த வசனம் முடிஞ்ச கையோட மெயினை எறக்கிடறேன். கரெண்ட் போச்சும்பேன். சனம் கத்தும். அந்தக் கத்தல்ல உம்ம ஆளை வெளிய இழுத்துக்கிட்டுப் போயிடுங்க. அப்புறம் மிச்சத்தப் போட்டுக்கறேன். அதுக்கு மேல என்னால ஏலாது."

திட்டம் பழுதில்லை. நானே மெச்சிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் சீட்.

22.1.2006, ஞாயிறு

தியேட்டர் நிறைந்திருந்தது. நடுத்தர வயது, தொப்பை, வழுக்கை. பாதிப் பேர் காக்கிச் சட்டை, குவாரி டிரைவர்கள். பெண்கள் பக்கமும் கூட்டம். தங்கச்சி அங்கே.

படத்தைப் பற்றி. மலை, துணியில் வரைந்தது. காற்றடித்தால் மலை ஆடுகிறது. ஒரே லாரி, நம்பரை மாற்றி மாற்றி நாலு லாரியாகக் காட்டுகிறான். வில்லனின் மீசை ஒரு காட்சியில் இடம் மாறியிருக்கிறது. பாகம் 2-ஐக் கிழித்த வாயால் இதையும் கிழிக்கலாம், அதைவிட எளிது. வாய் வரவில்லை. துரைக்கண்ணு திரையில் வந்ததும் யாரும் பால் ஊற்றவில்லை, கத்தவில்லை. எல்லாரும் அவனுக்கு அரை நொடி முன்னால் வசனத்தைச் சொன்னார்கள், சன்னமாக, தங்களுக்குள். அவன் இவர்களுக்குப் பின்பாட்டு மாதிரி வந்துகொண்டிருந்தான்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். படம் தொந்தரவாக இருக்கிறதாம்.

கடைசிக் கட்டம். லாரி, மலைப்பாதை, பிரேக். கர்ஜனை. தியேட்டர் மொத்தமும் சேர்ந்து கர்ஜித்தது. மாப்பிள்ளையின் தொண்டை எல்லாவற்றுக்கும் மேலே.

மெயின் இறங்கியது. கும்மிருட்டு.

கையைப் பிடித்தேன். "வாங்க மாப்ள, அவ்ளோதான். கல்யாணம் மட்டுந்தான் பாக்கி. மேளத்துக்கு முன்னாடி வெளிய போயிட்டா கூட்டத்துல மாட்ட மாட்டோம்."

கத்தலுக்காகக் காத்தேன். கத்தவில்லை. பின்வரிசையில் ஒருவன் வாயாலேயே லாரியை ஓட்டத் தொடங்கினான். டுர்ர்ர். இன்னொருவன் வளைவில் கிறீச்சிட்டான். சிரிப்பு. பிறகு ஐம்பது பேர் சேர்ந்து சீட்டில் ஓங்கி அறைந்தார்கள். லாரி விழுந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. முன்பக்கம் ஒரு முரட்டுக் குரல், கிளீனர் பையனின் வசனம்: "ஆத்தா... வண்டி கெடைச்சிருச்சு. அண்ணன் கெடைக்கல."

பெண்கள் பக்கத்திலிருந்து, ஒருத்தி தொடங்கி பத்து இருபது பேராக, தாய்க்காரியின் பதில்: "சோறு ஆறிப்போவுது. அவன வரச் சொல்லு."

எத்தனையோ ஆம்ப்ளிஃபயரை அணைத்தவன் நான். இதற்கு எங்கே சுவிட்ச்? "வாங்க மாப்ள, வாங்க" என்று இழுத்தேன். இரும்பை இழுப்பது போல. இருட்டில் ஜனம் முழு ஒப்பாரியையும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தது. அதற்கப்புறம்தான் பாய் மெயினைப் போட்டார். கடைசி ரீல் ஓடியது. மாப்பிள்ளை இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தார்.

வெளியே டிரைவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு நரைத்த காக்கிச் சட்டையிடம் போனார்.

"அண்ணே, நீங்க இதை எப்ப பாத்தீங்க?"

"வந்தப்பவே. நாலு வாட்டி."

"வண்டி ஓட்டுறீங்களா?"

"ஓட்டாம? காலையில லோடு இருக்கே."

மாப்பிள்ளை திரும்பி வந்தார். அடிப்பார் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மச்சான். தெரிஞ்சுக்கிட்டேதான் ஓட்டுறானுவ."

"ம்."

"அந்த மேளம் நீங்க அடிச்சு வுட்டதுதானா?"

"ஆமா மாப்ள."

"நல்லா இருந்துச்சு," என்றார். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

23.1.2006, திங்கள்

பனி இல்லை. தங்கச்சி கட்டாயப்படுத்தி அனுப்பினாள்: "நீயும் கூடப் போ. எங்கயாவது நிறுத்திட்டா பிடிச்சுக்க." லாரி கேபினில் ஏறினேன். லோடு ஏற்றினார்கள். சரிவின் தலை. மேலிருந்து பார்த்தால் பாதாளம். கீழே நாகலோகமே தெரிகிறது. மாப்பிள்ளை கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். வசனம் சொல்லவில்லை.

இறங்கினார். இரண்டாவது கியர். கால் பிரேக்கிலேயே. நத்தை முந்திப் போயிருக்கும். பிரேக் லைனிங் தீயும் நாற்றம். பின்னால் ஹாரன்மேல் ஹாரன். ஒருவன் தலையை வெளியே நீட்டி, "யோவ் செல்லமுத்து, பொணத்தையா ஏத்திக்கிட்டுப் போற? வெரசா போய்யா!" இந்தக் குவாரியின் சிங்கத்தைப் பார்த்துக் கேட்கிறான். நான் ஒரு நல்ல பதில் தயாராக வைத்திருந்தேன், கீழப்பழுவூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் சிரிக்கிற மாதிரி. வாயெடுத்தேன்.

"பேசாம வாங்க மச்சான். ரோட்டைப் பாக்கணும்."